எழுத்தாளர்கள் கையில் வானொலி: ஆர்த்தோ முதல் பெரெக் வரை, நம் ஊர் ஒலிபரப்புக்கு எதை எடுப்பது?

நொய்யல்கரை

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூர்ப் பக்கம் ஒரு சமுதாய வானொலியில் எங்கள் வாசிப்புக் குழுவுக்கு ஞாயிறு இரவு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். "கதை படிங்க, கவிதை படிங்க, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டார்கள். நூறு வாட் ஒலிபரப்பிதான், பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குக் கேட்கும். அது போதும்.

கதை படிப்பது நல்ல காரியம், அதையும் செய்வோம். ஆனால் கடந்த நூற்றாண்டில் பல நாட்டு எழுத்தாளர்கள் மைக் முன்னால் உட்கார்ந்து, தாளில் செய்ய முடியாத ஒன்றை வானொலியில் செய்து பார்த்திருக்கிறார்கள். அதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும், முடிந்தால் நாமும் ஒன்று செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

1921இல் ரஷ்யக் கவிஞர் வெலிமிர் க்லெப்னிகோவ் 'எதிர்கால வானொலி' என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் நாட்டில் ஒழுங்கான ஒலிபரப்பே தொடங்காத காலம். வானொலி நாட்டின் அறிவுக்கெல்லாம் நடுமரமாக நிற்கும், ஊர் நடுவில் பெரிய சுவரில் அன்றன்றைய பக்கங்கள் தெரியும், சுவையும் வாசமும்கூட அனுப்பலாம், குறிப்பிட்ட சுரங்களை ஒலிபரப்பினால் உழைப்பவர்களின் உடல் வலு கூடும் என்றெல்லாம் கனவு கண்டார். அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். கருவி வருவதற்கு முன்பே அதை வைத்து என்ன செய்யலாம் என்று ஒரு கவிஞன் யோசித்திருக்கிறான். நம் கையில் கருவியும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது.

கேள்வி இதுதான். எதில் தொடங்குவது? கேட்பவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வருபவர்கள். அவர்களை மட்டமாக நினைத்து எளிமைப்படுத்த எனக்கு மனமில்லை. அதே சமயம் புரியாத சத்தத்தைப் போட்டு விரட்டவும் கூடாது.

கூடுதுறை

நல்ல காரியம் செய்கிறீர்கள். இந்த விஷயத்தில் ஆர்த்தோவைத் தாண்டிப் போக முடியாது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அன்தோனின் ஆர்த்தோ பிரெஞ்சு நாடகக்காரர், கவிஞர். பல வருடம் மனநல விடுதிகளில் அடைத்து வைத்து, மின்அதிர்ச்சி கொடுத்து, 1946இல்தான் வெளியே விட்டார்கள். அடுத்த ஆண்டு பிரெஞ்சு வானொலியில் இலக்கிய, நாடகப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபெர்னான் புவே அவரிடம் ஒரு நிகழ்ச்சி கேட்டார். அப்படி வந்ததுதான் 'கடவுளின் தீர்ப்புக்கு முடிவுகட்ட'. 1947 நவம்பர் கடைசியில் பதிவு. ஆர்த்தோவோடு மரியா கசாரெஸ், ரோஜே ப்ளான், போல் தெவ்னான் மூவரும் ஆளுக்கொரு பகுதி வாசித்தார்கள். நடுநடுவே முரசு, சைலஃபோன், அலறல், எந்த மொழியிலும் இல்லாத சொற்கள்.

1948 பிப்ரவரி 2 இரவு ஒலிபரப்பாக வேண்டியது. முந்தின நாள் வானொலித் தலைவர் விளாதிமிர் போர்ஷே தடை போட்டுவிட்டார். புவே சும்மா இருக்கவில்லை. எழுத்தாளர், கலைஞர், பத்திரிகைக்காரர் என்று சுமார் 50 பேரை அழைத்துப் போட்டுக் காட்டினார். கோக்தோ, எலுவார் மாதிரிக் கவிஞர்கள் எல்லாம் வந்தார்கள். பெரும்பாலோர் ஒலிபரப்பலாம் என்றார்கள். போர்ஷே அசையவில்லை. புவே வேலையை விட்டார். மார்ச் 4ஆம் தேதி ஆர்த்தோ இறந்துபோனார். பொது ஒலிபரப்பில் அது வர அப்புறம் இருபது வருடத்துக்கும் மேல் ஆனது.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது புவேதான். ஆர்த்தோவைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். கதவைத் திறந்துவிட்டு, அதற்காக நாற்காலியை இழந்த அதிகாரியைப் பற்றி யார் பேசுகிறார்கள்? நீங்கள் தேடிப் பாருங்கள், வானொலியில் நடந்த ஒவ்வொரு பெரிய சோதனைக்குப் பின்னாலும் நிலையத்துக்குள் ஒரு ஆள் இருப்பார். எழுத்தாளர் தனியாக வானொலி செய்ய முடியாது. பேனா சொந்தமாக வாங்கலாம், அலைவரிசை வாங்க முடியாது.

வெள்ளியங்கிரி

கூடுதுறை அண்ணா சொன்னது எல்லாம் சரிங்க. ஆனால் அந்தப் பதிவை நான் கேட்டிருக்கிறேன். பிரெஞ்சு தெரியாத எனக்கு நாற்பது நிமிடமும் ஒருவர் வலியில் கத்துவதாகத்தான் இருந்தது. இரக்கம் வந்தது. இரக்கம் வருவதும் ரசிப்பதும் ஒன்றல்லவே.

எங்கள் வீட்டில் எண்பதுகளில் ஞாயிறு மதியம் வானொலி நாடகம் ஓடும். அம்மிச்சி அவரைக்காய் கிள்ளுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். நாடகத்தில் ஒரு பெண் கதவைச் சாத்தும் சத்தம் வந்தால், அவள் கோபமாகப் போகிறாளா, அழுதுகொண்டு போகிறாளா என்று அம்மிச்சி சொல்லிவிடுவார். அதுதானே காதுக்குக் கொடுக்கும் மரியாதை? அலறலில் அந்த இடம் எங்கே?

ஷிப்ட் முடிந்து வந்தவருக்கு இதைப் போட்டால் நிலையத்தை மாற்றிவிடுவார். அது அவர் குற்றம் அல்ல.

சித்தோடு பெரியவர்

வெள்ளியங்கிரித் தம்பி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. நான் பல வருடம் வானொலி நாடகங்களுக்குக் குரல் கொடுத்தவன். நிலையத்தில் ஒலி எப்படிச் செய்வோம் என்று சொன்னால் விஷயம் விளங்கும்.

குதிரை ஓட வேண்டும் என்றால் தேங்காய்ச் சிரட்டை இரண்டு, மணல் போட்ட ஒரு தட்டு. இடி என்றால் தகரத்தைத் தொங்கவிட்டு ஆட்டுவோம். நெருப்பு எரிய வேண்டும் என்றால் மிட்டாய் சுற்றும் கண்ணாடித்தாளை மைக்குக்குப் பக்கத்தில் மெதுவாகக் கசக்க வேண்டும். இதெல்லாம் பொய். ஆனால் கேட்பவர் மனதில் குதிரை வந்துவிடும். இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சத்தம் உண்மை மாதிரியே இருக்க வேண்டும் என்று எல்லோரும் பாடுபடுவோம்.

அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தவர் ஐரிஷ் எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட். 1957 ஜனவரியில் பிபிசியில் அவருடைய 'ஆல் தட் ஃபால்' நாடகம் வந்தது. ஒரு வயதான அம்மாள் மூச்சிரைக்க நடந்து ரயிலடிக்குப் போய், கண் தெரியாத கணவரை அழைத்து வருகிறார். கதை இவ்வளவுதான். தொடக்கத்தில் ஆடு, பறவை, பசு, சேவல் கத்தும். இயக்குநர் டொனால்ட் மெக்வின்னி நிஜ மிருகச் சத்தத்தைப் போடாமல் மனிதர்களையே கத்த வைத்தார். காலடிச் சத்தத்தையும் தாளக்கட்டில் வைத்தார். கேட்கிற நமக்கு இது வெளியில் இருக்கும் ஊர் அல்ல, அந்த அம்மாளின் தலைக்குள் இருக்கும் ஊர் என்று தோன்றிவிடும். அந்த நாடகத்துக்காக ஒலியில் பட்ட பாடுதான் அடுத்த ஆண்டே பிபிசி தனியாக ஒரு ஒலிப் பட்டறை தொடங்குவதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பாருங்கள், இதிலும் கதை இருக்கிறது, ஆள் இருக்கிறார், வழி இருக்கிறது. உங்கள் அம்மிச்சி கேட்டிருந்தால் அந்த மூச்சிரைப்பிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். தம்பி நொய்யல்கரை, தொடக்கத்துக்கு இந்த மாதிரி ஒன்று எடுங்கள். ஆர்த்தோ அப்புறம்.

தறிச்சத்தம்

சோமனூரிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் குரலைப் பற்றியே பேசுகிறீர்கள். சத்தத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

1930இல் வால்டர் ருட்மன் என்கிற ஜெர்மன் சினிமாக்காரர் பெர்லின் வானொலிக்காக 'வாரக்கடைசி' என்று ஒன்று செய்தார். பதினொன்றரை நிமிடம்தான். சினிமா ஒலிச்சுருளில் சத்தத்தைப் பதிந்து, படத்தை வெட்டி ஒட்டுவது போலவே வெட்டி ஒட்டினார். டைப்ரைட்டர், ரம்பம், கல்லாப்பெட்டி, அப்புறம் வேலை முடிந்து வெளியே போவது, ஊர்ப்புறம், சேவல், தேவாலய மணி, திங்கட்கிழமை மறுபடி வேலை. படம் இல்லாத சினிமா. 1948இல் பாரிஸில் பியர் ஷேஃபர் ரயில் இன்ஜின் சத்தங்களை இசைத்தட்டில் பதிந்து, அதிலேயே ஒரு இசைத்துண்டு செய்து வானொலியில் ஒலிபரப்பினார். இவர்கள் இருவரும் எழுத்தாளர் இல்லை என்று யாராவது சொல்லலாம். ஷேஃபர் நாவலும் எழுதியவர். சரி, அது கிடக்கட்டும்.

எங்கள் தறிக் கொட்டகைக்குள் வந்து நின்று பாருங்கள். வெளியாளுக்கு அது ஒரே இரைச்சல். எனக்கு அப்படி இல்லை. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கம் அடிபடுவதும் அந்தப் பக்கம் அடிபடுவதும் தனித்தனியாகக் கேட்கும். ஒரு தறி கொஞ்சம் முந்தி ஓடும், பக்கத்துத் தறி பிந்தி ஓடும், எப்போதாவது இரண்டும் ஒரே அடியில் சேரும், மறுபடி பிரியும். பாவு நூல் அறுந்தாலோ, நாடாவுக்குள் நூல் சுற்றி வைத்த தார் தீர்ந்தாலோ எந்தத் தறி என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடலாம், அந்த இடத்தில் சத்தத்தில் ஒரு ஓட்டை விழும். கரண்ட் போனால் எல்லாம் ஒரே நொடியில் நிற்காது, ஒவ்வொன்றாக இழுத்து நிற்கும். அப்புறம்தான் கொட்டகைக்குள் எத்தனை பேர் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதே தெரியும், எல்லோரும் கத்திப் பேசிப் பழகியவர்கள்.

இதை அப்படியே பதிந்து, தறிக்காரர் ஒருவர் எந்தச் சத்தம் என்ன என்று சொல்லச் சொல்ல ஒலிபரப்பினால், ருட்மன் செய்ததற்கு ஒரு பங்கும் குறையாது. ஷிப்ட் முடிந்து வந்தவர் நிலையத்தை மாற்ற மாட்டார். தன் காதுக்கு இவ்வளவு தெரியும் என்று அன்றைக்குத்தான் அவருக்கே தெரியும்.

பீளமேடு மாணவி

தறிச்சத்தம் அண்ணா, படிக்கும்போதே கேட்டது. நன்றி.

நான் பிரெஞ்சு எழுத்தாளர் பெரெக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ழார்ஜ் பெரெக் வானொலிக்குச் செய்ததில் இரண்டு எனக்கு மிகவும் பிடிக்கும்.

முதலாவது 'இயந்திரம்'. 1968இல் ஜெர்மனியின் ஸார்லாந்து வானொலிக்குச் செய்தது. ஜெர்மன் கவிஞர் கதேயின் எட்டு வரிக் கவிதை ஒன்றை ஒரு கம்ப்யூட்டர் அலசினால் எப்படி இருக்கும் என்பதுதான் நாடகம். ஒரு குரல் உத்தரவு கொடுக்கும், மற்றக் குரல்கள் அதன்படி கவிதையைப் பிரிக்கும், எண்ணும், வரிசை மாற்றும், சொற்களை எடுத்துவிட்டுப் பார்க்கும். முதலில் விளையாட்டு மாதிரி இருக்கும். போகப் போக, அந்தச் சின்னக் கவிதையில் அமைதியும் சாவும் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று இயந்திரமே தடுமாறிக் கண்டுபிடிக்கும்.

இதை நாம் குறுந்தொகையில் செய்யலாம். நாற்பதாம் பாட்டு, எல்லோருக்கும் தெரிந்தது. மூன்று குரல் போதும். ஒரு குரல் இணைகளை மட்டும் சொல்லட்டும்: யாயும் ஞாயும், எந்தையும் நுந்தையும், யானும் நீயும். இன்னொரு குரல் கேள்விகளை மட்டும்: யாராகியரோ, எம்முறைக் கேளிர், எவ்வழி அறிதும். உத்தரவுக் குரல் "விடை தேடு" என்று சொல்லும். முதல் இரண்டு குரல்களிடமும் விடை இருக்காது, ஏனென்றால் முதல் மூன்று வரியில் உறவு முறை விசாரணை மட்டும்தான் இருக்கிறது. நாலாவது வரியில்தான் மண்ணும் மழையும் வருகின்றன, உறவைக் கேட்ட கேள்விக்கு நிலம் பதில் சொல்கிறது. மூன்றாவது குரல் அந்த வரியைச் சொல்லும்போது மற்ற இரண்டும் நின்றுவிட வேண்டும். பரீட்சைக்குப் பொருளுரை எழுதிப் படித்த பாட்டுத்தான், பிரித்துப் போட்டு உரக்கச் சொல்லிப் பார்த்த அன்றைக்குத்தான் அது எவ்வளவு துணிச்சலான பாட்டு என்று எனக்குத் தெரிந்தது. யார் வீட்டுப் பிள்ளை, என்ன முறை என்று கேட்டே காதலை முறிக்கிற ஊரில் நாம் இருக்கிறோம். இதை வானொலியில் மூன்று குரலில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, 1978 மே 19 அன்று பெரெக் செய்தது. பாரிஸில் மபியோன் என்கிற நாற்சந்தியில் ஒலிப்பதிவு வண்டிக்குள் உட்கார்ந்து, கண்ணில் படுவதையெல்லாம் பல மணி நேரம் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். பஸ் போகிறது, நாய் போகிறது, குடை, பச்சைக் கோட்டு, இன்னொரு பஸ். அதைச் சுருக்கி மறு ஆண்டு ஒலிபரப்பினார்கள். நடுநடுவே ஒரு நடிகர் கணக்குப் பட்டியல் வாசிப்பார். கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் அவர் சொல்லாமல் விட்டது என்ன என்று காது தேடத் தொடங்கும். கோவை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் இதைச் செய்தால் என்ன? எங்கள் வகுப்பில் ஆள் தயார்.

காங்கேயம்

எல்லோரும் வெளிநாட்டிலிருந்து இங்கே கொண்டுவரப் பார்க்கிறீர்கள். இங்கே ஏற்கெனவே இருப்பதைச் சொல்கிறேன்.

அண்ணன்மார் கதை, பொன்னர் சங்கர் என்கிற அண்ணன் தம்பியின் கதை. உடுக்கடிப் பாட்டாக இரவு முழுக்க, பல இரவுகள் போகும். பாடுபவர் ஒருவர், பின்பாட்டுக்கு ஒருவர். ஒரு கட்டம் பாட்டு, ஒரு கட்டம் வசனம். பொன்னரும் சங்கரும் பேசுவது, அருக்காணித் தங்கம் அழுவது, எல்லாம் ஒரே தொண்டையிலிருந்து வரும். உடுக்கையின் நடு நூலை அழுத்தி விடும்போது அந்தத் தோல் விம்முகிறதே, அதுவே பாதி அழுகை. 1965இல் பிரெண்டா பெக் என்கிற ஆய்வாளர் எங்கள் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, முழுக் கதையையும் ஒலிநாடாவில் பதிந்தார். அதே பாடகரை, பாடாமல் சொல்லச் சொல்லி எழுதியும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டார். ஒரே ஆள், ஒரே கதை, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கேட்கும் கூட்டம் எதிரே இருந்தால் கதை வேறு மாதிரி வளர்கிறது. ஐரோப்பாவில் இதைத்தானே கஷ்டப்பட்டுத் தேடினார்கள்?

என் யோசனை: அண்ணன்மார் போரில் மடிந்ததைச் சடங்காக நடத்தும் படுகளம் நடக்கும் நாளில் போய்ப் பதிவோம். ஆட்கள் அருள் வந்து விழும்போது எழும் அந்தச் சத்தம், முரசு, பெண்கள் குலவை. அதோடு ஆர்த்தோவின் அலறலைச் சேர்த்து ஒரு அரை மணி நேரம். கேட்கிறவருக்கு மயிர்க்கூச்செறியும்.

கூடுதுறை

காங்கேயத்தாரே, முதல் பாதிக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இரண்டாவது பாதி வேண்டாங்க.

ஆர்த்தோ 1936இல் மெக்சிகோ போய் தராஉமாரா என்கிற பழங்குடி மக்களின் சடங்கைப் பார்த்தவர். அந்த ஒலிபரப்பில் கசாரெஸ் வாசிக்கும் பகுதி அந்தச் சடங்கைப் பற்றியதுதான். அந்த அனுபவத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது அவருக்கு உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஒலிபரப்பில் அந்த மக்களின் குரல் ஒன்றுகூடக் கிடையாது. பாரிஸ்காரர்கள்தான் பேசுகிறார்கள். நாமும் அதே காரியத்தை நம் ஊர் ஆட்களுக்கே செய்யலாமா? படுகளத்தில் விழுகிறவர் நமக்காக விழவில்லை. தன் குலத்துக்காக, தன் சாமிக்காக விழுகிறார். அவர் நினைவில்லாமல் கிடக்கும்போது வந்த சத்தத்தை எடுத்து இன்னொரு நோயாளியின் அலறலோடு ஒட்டினால், இருவருக்கும் செய்கிற அவமரியாதை.

வெள்ளியங்கிரி

கூடுதுறை அண்ணா சொல்வதுதான் சரி. எங்கள் மாமா ஒருவர் படுகளத்தில் விழுபவர். எழுப்பிய பிறகு ரொம்ப நேரம் யாரோடும் பேச மாட்டார். அந்த நேரத்தில் மைக் நீட்டுவதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

காங்கேயம்

சொன்னதை யோசித்தேன். படுகளத்தை விட்டுவிடலாம். ஆனால் உடுக்கைப் பாட்டை விடுவதற்கு நான் தயாரில்லை. பாடுகிறவரை நிலையத்துக்கு அழைத்து, அவருக்கு முறையான சம்பளம் கொடுத்து, அவர் எந்தக் கட்டத்தைப் பாட விரும்புகிறாரோ அதையே முழுசாகப் பாட விடுவோம். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, பின்னணி இசை சேர்க்கக் கூடாது. எதிரே பத்துப் பேரையாவது உட்கார வைக்க வேண்டும், வெறும் கண்ணாடி அறையைப் பார்த்து அவருக்குப் பாட்டு வராது.

சித்தோடு பெரியவர்

அது ரொம்பச் சரி. கேட்பவர் எதிரே இல்லாமல் பாடச் சொல்லி நாட்டுப்புறக் கலைஞர்களைப் பல நிலையங்களில் தவிக்க விட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பதினான்கு நிமிடத்தில் முடி என்று கடிகாரத்தைக் காட்டுவார்கள். பாவம், அவர் அப்போதுதான் சாமி கும்பிட்டு முடித்திருப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வானொலி என்றால் நம் ஊருக்குப் புதிதல்ல. ஜி.டி. நாயுடு 1941லேயே ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று சொன்னவர். தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்கிற நெல் ரகத்தை ஜனங்கள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள், திருச்சி வானொலி சொல்லிப் பரவிய நெல் என்பதால். ஒரு நெல் ரகத்தையே வீடு வீடாகக் கொண்டுபோன கருவிக்கு, ஒரு புதுவிதக் கவிதையைக் கொண்டுபோக முடியாதா?

தறிச்சத்தம்

பெரியவரே, அந்த நெல்லை நட்டுப் பார்த்துவிட்டுத்தான் விவசாயி நம்பினார். கேட்டவர் திருப்பிப் பேசவும் வழி வேண்டும். ஜெர்மன் நாடகக்காரர் பிரெக்ட் 1932இல் சொன்னது இதைத்தான். வானொலி ஒரு பக்கமாகக் கொட்டிக்கொண்டே இருக்கிறது, கேட்பவரைப் பேசவும் வைக்கும் கருவியாக அதை மாற்றுங்கள் என்றார். சும்மா சொல்லவும் இல்லை. அதற்கு மூன்று வருடம் முன்பே, விமானி லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடந்ததை வைத்து ஒரு வானொலிப் பாடம் செய்தார். பாடன்பாடனில் மேடையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் 'வானொலி', மறு பக்கம் 'கேட்பவர்' என்று வைத்தார்கள். வானொலி புயலாகவும் பனியாகவும் ஒலிக்கும், கேட்பவர்தான் விமானியின் பங்கைச் சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பவரும் அப்படியே சேர்ந்து சொல்லலாம் என்பது யோசனை. லிண்ட்பெர்க் நாஜிகளுக்கு வேண்டியவர் என்று ஆனபின், பிரெக்ட் அவர் பெயரையே தலைப்பிலிருந்து எடுத்துவிட்டார்.

மாணவி சொன்ன குறுந்தொகையை இப்படிச் செய்யலாம். கேள்விகளை மட்டும் நிலையம் ஒலிபரப்பட்டும். விடையைக் கேட்பவர்கள் போனில் சொல்லட்டும். அடுத்த வாரம் அந்தக் குரல்களோடு பாட்டை முடிக்கலாம்.

பீளமேடு மாணவி

இது என் யோசனையை விட நன்றாக இருக்கிறது.

அரசியல் என்று வந்ததால் ஒன்று கேட்க வேண்டும். இத்தாலியக் கவிஞர் மரினெத்தியின் வானொலித் துண்டுகளையும் சேர்க்க வேண்டும் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொல்கிறார். மௌனத்தையே பொருளாக வைத்து முப்பதுகளில் எழுதியவை. தண்ணீர் அலம்பும் சத்தமும் நெருப்பு பொரியும் சத்தமும் நொடிக் கணக்கில் மாறி மாறி வந்து, கடைசியில் ஒரு பறவையின் சீழ்க்கையோடு முடியும் துண்டு எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் முசோலினியின் ஆள். கூச்சமாக இருக்கிறது.

கூடுதுறை

அம்மணி, கூச்சப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் மறைக்க வேண்டிய விஷயம் அல்ல. புது இலக்கியக்காரர்கள் எல்லோரும் வானொலியில் நல்லதே செய்தார்கள் என்று சொன்னால் அது பொய். அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் இரண்டாம் உலகப் போரின்போது ரோம் வானொலியில் உட்கார்ந்து யூதர்கள் மீது விஷம் கக்கினார். பெரிய கவிஞர்தான், அதனால் அந்தப் பேச்சின் நாற்றம் குறையவில்லை. அதே காலத்தில் பிரெஞ்சுக் கவிஞர் ரொபேர் தெஸ்னோஸைப் பாருங்கள். 1933இல் ஃபான்தோமாஸ் என்கிற கற்பனைக் கொலைகாரனைப் பற்றி ஒரு நீண்ட வானொலிப் பாட்டு எழுதினார். கர்ட் வைல் இசை, இயக்கியவர் நம் ஆர்த்தோ. அப்புறம் நேயர்கள் எழுதி அனுப்பும் கனவுகளை வைத்து ஒரு நிகழ்ச்சி நடத்தினார். ஜனங்களிடம் கனவைக் கேட்டு வாங்கி ஒலிபரப்பியவர் அவர். நாஜிகளை எதிர்த்து வேலை செய்ததால் பிடிபட்டு, 1945 ஜூனில், முகாம் விடுவிக்கப்பட்ட பிறகு, தெரேசியென்ஸ்டாட்டில் காய்ச்சலில் இறந்தார்.

ஜெர்மன் எழுத்தாளர் வால்டர் பெஞ்சமின் இன்னொருவர். பெர்லின், ஃப்ராங்ஃபர்ட் நிலையங்களில் குழந்தைகளுக்காகவே ஏராளமாகப் பேசினார். நிலநடுக்கம், கொள்ளைக்காரர்கள், பொம்மைக் கடைகள், பெர்லின் தெருப்பேச்சு. 1933 ஜனவரியில் ஹிட்லர் வந்ததும் அது நின்றுபோனது. அவர் குரல் ஒரு பதிவிலும் மிச்சமில்லை, எழுத்துப் பிரதிகள் மட்டும் இருக்கின்றன.

மரினெத்தியை ஒலிபரப்பினால் அவர் யார் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டால் உங்கள் அரை மணி நேரத்தைத் தெஸ்னோஸுக்குக் கொடுப்பேன். கனவு நிகழ்ச்சியை நாம் அப்படியே நடத்தலாம். பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பெண் பகலில் தூங்கும்போது என்ன கனவு காண்கிறாள் என்று இதுவரை எந்த வானொலியும் கேட்டதில்லை.

வெள்ளியங்கிரி

கனவு என்றதும் ஜெர்மன் எழுத்தாளர் குந்தர் ஐஷ் நினைவுக்கு வருகிறார். அவருடைய 'கனவுகள்' 1951இல் ஜெர்மன் வானொலியில் வந்தபோது, நிறுத்துங்கள் என்று நேயர்கள் நிலையத்துக்குப் போன் செய்தார்கள். முதல் கனவில் ஒரு குடும்பம் சரக்கு ரயில் பெட்டிக்குள் வருடக்கணக்காக இருட்டில் போய்க்கொண்டே இருக்கும். வெளியுலகம் எப்படி இருக்கும் என்பதை வயதானவர்கள் மட்டும் நினைவு வைத்திருப்பார்கள், சின்னவர்கள் நம்ப மாட்டார்கள். போர் முடிந்து ஆறு வருடத்தில், அப்படிப்பட்ட பெட்டிகளில் யாரை ஏற்றி அனுப்பினார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்த நாட்டில் இது ஒலிபரப்பானது. அலறல் ஒன்றுகூட இல்லை, பேச்சு மட்டும்தான். எனக்கு ஆர்த்தோவை விட இதுதான் பயமாக இருந்தது. நான் முதலில் கேட்டதற்கு என் விடை இது.

காங்கேயம்

உரிமை விஷயம் யாராவது பார்த்தீர்களா? அடுத்தவர் எழுத்தை அப்படியே ஒலிபரப்பிச் சின்ன நிலையத்தை மாட்டிவிடக் கூடாது.

நொய்யல்கரை

பார்த்தேங்க. நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். க்லெப்னிகோவ், பெஞ்சமின், தெஸ்னோஸ், ஆர்த்தோ, பிரெக்ட் இவர்கள் சொந்தமாக எழுதியவை இந்தியாவில் பொதுவுடைமை ஆகிவிட்டன. ஆனால் ஆங்கில மொழிபெயர்ப்புக்கும் இசைக்கும் தனி உரிமை உண்டு, அதனால் மூல மொழி தெரிந்தவரை வைத்து நேரடியாகத் தமிழாக்க வேண்டும். நம் குழுவில் பிரெஞ்சு தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், ஜெர்மனுக்கு ஆள் தேடுகிறேன். பெக்கெட் 1989லும் பெரெக் 1982லும் இறந்தவர்கள், அனுமதி இல்லாமல் தொட முடியாது. பெக்கெட்டைப் பற்றிப் பேசலாம், நாடகத்தைப் போட முடியாது. பெரெக்கின் முறை யாருக்கும் சொந்தமல்ல, குறுந்தொகையில் தாராளமாகச் செய்யலாம்.

நிலையத்து அம்மாவிடமும் பேசினேன். சமுதாய வானொலி ஆகாசவாணியின் நிகழ்ச்சி விதிகளைப் பின்பற்ற வேண்டும், மதத்தைத் தாக்கும் எதுவும் கூடாது. ஆர்த்தோவின் தலைப்பே இடறும். அதைக் குழுவுக்குள் கேட்டுக்கொள்வோம், ஒலிபரப்பில் அதன் வரலாற்றை மட்டும் சொல்வோம், புவேயின் பெயரோடு. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கெடுத்து உருவாக வேண்டும் என்பதும் விதி. அதைக் கேட்டதும் எனக்கு மகிழ்ச்சிதான், நாம் செய்யப்போவது அதுதானே. "தறிச் சத்தத்தையா அரை மணி நேரம் போடுவீங்க?" என்று முதலில் கேட்டார். தறிச்சத்தம் அண்ணா எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். "எங்க அப்பாரு தறிக்காரருங்க, போடுங்க" என்று சொல்லிவிட்டார்.

அதனால் முதலில் தறி. அதற்கடுத்து தெஸ்னோஸின் கதையும் நேயர்களின் கனவுகளும். குறுந்தொகைக் கேள்விகள் அப்புறம். உடுக்கைப் பாட்டுக்கு ஒரு வாரம் போதாது, தொடர்ந்து பல வாரம் ஒதுக்கித் தரச் சொல்லி நிலையத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. காந்திபுரம் எங்கள் ஒலிபரப்பு எல்லைக்கு வெளியே, மாணவி அதைத் திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் செய்யச் சம்மதித்தால் நல்லது.

தறிச்சத்தம் அண்ணா, பதிவுக்கு என்றைக்கு வரலாம்? என்ன கொண்டுவர வேண்டும்?

தறிச்சத்தம்

வார நாளில் வாங்க, தறிக்கு லீவு இல்லாத நாளாக இருக்க வேண்டும். மைக்கை நடுக் கொட்டகையில் வைத்தால் எல்லாம் சேர்ந்து கூழாகிவிடும். ஒரு தறியிலிருந்து கையெட்டும் தூரத்தில் தொடங்கி, ஒவ்வொரு தறியாக நகர்ந்து போக வேண்டும். பதிவுக் கருவியின் அளவைப் பாதிக்குக் கீழே வையுங்கள், நாடா அடிக்கும் அடி சட்டென்று மேலே ஏறிக் கிழித்துவிடும். விளக்கம் சொல்வதைக் கொட்டகைக்குள் பதிய முடியாது, வெளியே வேப்பமரத்தடியில் தனியாகப் பதிந்து சேர்த்துக்கொள்ளலாம். என்னை விட எங்கள் பக்கத்துக் கொட்டகையில் தார் சுற்றும் அக்கா நன்றாகச் சொல்வார், அவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அவருக்கு அரை நாள் கூலியை எடுத்து வந்துவிடுங்கள்.

பீளமேடு மாணவி

பழைய பஸ் ஸ்டாண்டு சம்மதம். பதிவு நாளில் நாங்கள் நாலு பேர் வருகிறோம்.